பொழுது சாயுமுன் சோறு

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்குச் சினகாஞ்சி என்றும் பெயர். பல்லவர் காலத்தில் தோன்றிய திரைலோக்கியநாதர் சமணக் கோயில் இங்குதான் உள்ளது. சமண இல்லறத்தார் காத்துவரும் நெறிகளுள் ஒன்று இரவு உண்ணாமை. விளக்கொளி தேடி வரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மாயக்கூடாது என்ற அருளில் பிறந்தது அது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. சோறே உணவான நமக்கு, அந்நோயைக் கட்டுப்படுத்த இரவு உண்ணாமை எவ்வளவு கைகொடுக்கும்?

அதன் பெரும் வலிமை நேரம். பகலில் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் உடல் பொழுது சாயச் சாய மந்தமாகிறது. இருட்டியதும் சுரக்கும் மெலட்டோனின், இன்சுலின் சுரப்பைத் தணிக்கிறது. அதனால் காலையில் உண்ட அதே அளவு சோறு, இரவு 9 மணிக்கு உண்டால் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். கிழங்குகளை விலக்குவதும் சமண வழக்கம் என்பதால், சோற்றோடு உருளைக்கிழங்கும் சேர்ந்து மாவுச்சத்து இரட்டிப்பாவதில்லை.

ஆனால் நேரம் மட்டும் போதாது. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ஆண்கள் ஐந்து வாரம் பிற்பகல் 3 மணிக்குள் உணவை முடித்தார்கள். எடை குறையாமலே இன்சுலின் நன்கு வேலை செய்தது. இரத்த அழுத்தமும் இறங்கியது. இரத்தச் சர்க்கரை அளவு மட்டும் குறையவில்லை. ஆய்வில் இருந்தவர்களும் மிகச் சிலரே. எப்போது உண்பது என்று சொல்லும் நெறி, எவ்வளவு சோறு என்று சொல்வதில்லை. மாலை ஐந்தரைக்கே உண்டாலும், தட்டு நிறையப் பச்சரிசிச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் என்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இன்னும் இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது பிழைப்பு. நெய்த புடவைக்குத்தான் கூலி என்றிருக்கும் நெசவாளி, பொழுது சாய்கிறது என்று தறிக்குழியை விட்டு எழ முடியாது. இரண்டாவது மருந்து. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென இரவு உணவை நிறுத்தினால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழலாம். மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

ஆகவே நெறியின் நேரத்தை வைத்துக்கொண்டு தட்டை மாற்றுவதே சரி. கீரை, அவரை, சுண்டல், கூட்டு ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில், குறைவாக உண்ணலாம். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல். உண்டபின் பத்து நிமிட நடை, ஏறும் சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்தும். பொழுதோடு உண்ண இயலாத நெசவாளி, மாலைச் சிற்றுண்டியையே சுண்டலும் காய்கறியுமாக நிறைவாக உண்டு, இரவுச் சோற்றைப் பாதியாக்கலாம். “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்கும் மருத்துவர்கள், “எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? வேலை எத்தனை மணிக்கு முடியும்?” என்றும் கேட்கட்டும். வேலை நேரத்தைக் கேட்காமல் தரும் உணவுப் பட்டியல் தறி வீட்டில் நடைமுறைக்கு வராது.