இடகலை பிங்கலையும் தன்னியக்க நரம்புகளும்

திருமந்திரத்துள் வரும் இடகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் மூன்று நாடிகளையும் இக்கால உடற்கூற்று நூலார் கூறும் தன்னியக்க நரம்பு மண்டலத்தோடு ஒன்றெனக் கொள்ளும் உரைமரபு ஒன்று நம்மிடையே வேரூன்றியுள்ளது. பிங்கலை பரிவு நரம்பு, இடகலை துணைப்பரிவு நரம்பு, சுழுமுனை தண்டுவடம் எனப் பொருத்திக் காட்டுதல் அதன் போக்கு. இத்தகைய முயற்சி புதிதன்று. வசந்த இரேலே என்னும் மருத்துவர் குண்டலினியாவது வலப்பக்க வேகசு நரம்பே எனத் துணிந்து 1927-இல் பம்பாயில் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். பின்வந்தோர் பலர் துணிபை மாற்றினர், முறையை மாற்றிலர்.

முதற்கண் உறுப்பமைப்பை நோக்குவாம். பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியினின்றும் இடுப்பின் மேற்பகுதியினின்றும் புறப்பட்டு, முதுகெலும்பின் இரு மருங்கும் சங்கிலி போற் கிடக்கும் முடிச்சுக்களை அடைவன. துணைப்பரிவு நரம்புகள் 3, 7, 9, 10 ஆம் மூளை நரம்புகளோடும், அடியிலே 2 முதல் 4 வரையுள்ள திரிக நரம்புகளோடும் வெளிப்படுவன. எனவே இப்பாகுபாடு நடுவும் இருமுனையும் என்பதாம். இடமும் வலமும் என்பதன்று. இடப்பக்கச் சங்கிலியும் பரிவே. வலப்பக்கச் சங்கிலியும் பரிவே. திருமூலரோ இடவலப் பாகுபாட்டையே உயிராகக் கொண்டார். கர்ப்பக்கிரியை கூறுமிடத்தும் மூச்சு வலத்தே ஓடின் ஆண்மகவு, இடத்தே ஓடின் பெண்மகவு என்பர். இன்றைய கருவியல் இதனை ஏலாது. ஆயினும் அவர் நாடி என்றது மூச்சின் வழியை என்பது இதனாற் பெறப்படும். சிதம்பரத்துப் பொன்னம்பலக் கூரையில் 21,600 ஓடுகளும் 72,000 ஆணிகளும் உள என்பது மரபு. முன்னது ஒரு நாளின் மூச்சு, பின்னது நாடி. நிமிடத்திற்கு 15 மூச்சு எனக் கொண்டு பெருக்கின் நாளைக்கு 21,600 வரும். இது மூச்சின் கணக்கு. உடலை அறுத்து எண்ணிய நரம்பின் கணக்கன்று.

'பரிவு' என்னும் கலைச்சொல்லும் மயக்கம் விளைப்பது. ஓர் உறுப்பின் துன்பத்தைப் பிறிதோர் உறுப்பும் உடனுணரும் என்ற பழைய கிரேக்க மருத்துவக் கருத்தின் எச்சம் அது. அஞ்சி ஓடுதற்கும் எதிர்த்துப் பொருதற்கும் உடலை ஆயத்தஞ்செய்யும் நரம்பிற்கு இப்பெயர்! இதனை அருளுணர்வின் இருப்பிடமென மாணவர் எழுதக் கண்டுளோம்.

கருவில் இந்நரம்புகள் தோன்றும் முறை மேலும் வியப்புடையது. நான்காம் வாரத்தில் கருவின் முதுகுப்புறத் தகடு மடிந்து குழலாக மூடும். அவ்விளிம்பினின்று பிரியும் அணுத்திரளை 1868-இல் வில்லெல்ம் இசு கோழிக்கருவிற் கண்டார். அதுவே நரம்பு முகடு என இன்று வழங்குவது. அவ்வணுக்கள் பிறந்த இடத்தில் இரா, இடம்பெயர்ந்து செல்வன. சில பெருந்தமனியின் அருகே நின்று பரிவு முடிச்சுக்களாகும். சில சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியின் உட்பகுதியாகும். கழுத்தளவிற் புறப்பட்டவை குடலின் நெடுமையைக் கடந்து ஏறத்தாழ ஏழாம் வாரத்தில் அதன் கடைப்பகுதியை எய்தும். இடையே நின்றுவிடின் குடலின் அடிப்பகுதி நரம்பணுவின்றி இயக்கமிழக்கும். பிறந்த மகவு மலங்கழிக்க இயலாது வருந்தும். காடையின் அணுக்களைக் கோழிக்கருவில் ஒட்டி இவ்வழிகளைத் தெளிவுறுத்தினார் பிரெஞ்சு நாட்டு நிக்கோல் லெ துவாரின் அம்மையார். இவற்றுள் எதனையும் திருமூலர் கூறினாரல்லர். கூறவேண்டிய கடப்பாடும் அவர்க்கில்லை.

நரம்பியலே நாளும் திருத்தம் பெறுவது என்பதையும் ஒப்பிடுவோர் மறந்தனர். துணைப்பரிவு முடிச்சுக்களிற் பல, நரம்பின் உறையணுக்களுக்கு முன்னோடியான அணுக்களினின்று தோன்றுவன என 2014-இல் ஆய்வாளர் காட்டினர். திரிகப் பகுதியினின்று வருவன கருவளர்ச்சி நோக்கிற் பரிவு நரம்புகளே என 2016-இல் ஒரு குழுவினர் வாதித்தனர், மறுத்தாரும் உளர். அவ்வாதம் நிலைபெறின், இடகலையின் அடிப்பகுதியை நம் உரைகாரர் எங்கே கொண்டு வைப்பர்? திருமந்திரத்தின் பெருமையை இத்தகைய பொருத்தத்தின்மேல் ஏற்றுதல் நூலுக்கு இழைக்கும் தீங்கு என்பதே எம் துணிபு.

மருத்துவ அறிவு உரைகாண்பார்க்கு வேண்டாவென்று யாம் கூறவில்லை. கடலூர் மாவட்டத்துத் திருவதிகையிற் சூலை நீங்க நாவுக்கரசர் பாடிய பதிகத்தை நோக்குக. தோலின் நோவு போல உள்ளுறுப்பின் நோவு இடஞ்சுட்டற்கு எளிதன்று. இதனை அறிந்தவர், குடரை முடக்கும் நோவைப் பற்றிய அம்முறையீட்டின் தவிப்பை நன்குணர்வர். தில்லையில் அருளியதென வழங்கும் போற்றித் திருவகவல் இதனினும் சிறந்த சான்று. ஆண்டு மாதந்தோறும் கருவின் நிலை கூறப்படினும், எவ்வுறுப்பு எப்பொழுது தோன்றிற்று என்னும் பட்டியலை அடிகள் தரவில்லை. பிழைத்தல் என்னும் ஒரு வினையையே மாதந்தோறும் மீட்டும் மீட்டும் ஆள்கின்றார். குழல் மூடாதொழிதலும், அணுக்கள் குடலின் கடையை எட்டாது நின்றுவிடுதலும் கருவிற்கு நேரும் இடர்கள் என அறிந்த வாசகர்க்கு அவ்வினை கனத்து ஒலிக்கும். அடிகள் அவ்விடர்களை இன்னவையென அறிந்திருந்தார் என்று நாட்டவேண்டுவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு தப்புதல் என அவர் கண்டதே அப்பகுதியின் உயிர்நிலை.