எண்ணும் தீர்ப்பும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்து உழவர், நிற்கும் பயிரைக் கண்ணால் மதிப்பது வேறு, களத்தில் அளந்து பெறுவது வேறு என்பதை நன்கறிவர். மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் அவர்க்குக் கற்பித்த பாடம் அது. நம் அரசியல் அப்பாடத்தை மறந்ததற்குச் சான்றாக இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் படிக்க விழைகிறோம்.

முதலாவது, அலைக்கற்றை உரிமங்கள் குறித்து இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010 நவம்பரில் அளித்த அறிக்கை. 2008இல் 122 உரிமங்கள் 2001ஆம் ஆண்டின் விலைக்கே வழங்கப்பட்டதை அது கண்டித்தது. ஆனால் இழப்பை ஒரே எண்ணாகக் கூறவில்லை. கணக்கிடும் முறைக்கேற்ப 57,666 கோடி ரூபாய் முதல் 1,76,645 கோடி ரூபாய் வரை பல தொகைகளைத் தந்து, அவை அனுமான இழப்பு என்றே குறித்தது. தலைப்புச் செய்திகள் இறுதி எண்ணை எடுத்துக்கொண்டு, அனுமானம் என்னும் சொல்லைக் கைவிட்டன. தேர்தல் மேடைகளில் அது களவுபோன பணமாயிற்று. மத்தியப் புலனாய்வுத் துறை 2011 ஏப்ரல் 2 அன்று தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையோ 30,984 கோடி என்றது. பதினொரு நாள் கழித்து வாக்குப்பதிவு. தி.மு.க. 23 இடங்களே பெற்றது, கோவில்பட்டியிலும் அ.தி.மு.க.வே வென்றது.

இரண்டாவது, டெல்லி சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பர் 21 அன்று வழங்கிய தீர்ப்பு. குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையாயினர். ஏற்கத்தக்க சான்றுக்காக ஏழாண்டு காத்திருந்தும் பயனில்லை என்றும், வதந்தியே பொதுக்கருத்தை உருவாக்கிற்று என்றும் நீதிபதி ஓ. பி. சைனி வருந்தினார். இத்தீர்ப்பும் அவசரமாகவே வாசிக்கப்பட்டது. தவறேதும் நிகழவில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி என்றனர் ஒரு சாரார். எனினும், அந்த 122 உரிமங்களையும் முறையற்றவை என உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் இரத்துச் செய்ததை இத்தீர்ப்பு அழித்துவிடாது. ஆட்சியின் பிழை வேறு, குற்றம் வேறு. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டிற்கும் அனுமதி கிடைத்தது. விடுதலையானவர்களுள் ஒருவரான கனிமொழியை, கோவில்பட்டியை உள்ளடக்கிய தூத்துக்குடித் தொகுதி 2019இல் மக்களவைக்கு அனுப்பியது.

புலனாய்வின் காலம் ஒன்று, தேர்தலின் காலம் மற்றொன்று. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெற்றிடத்தைச் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் நிரப்புகின்றன. வாக்காளர் தீர்ப்பளிக்கும் வேளையில் அவர் கையில் இருப்பது மதிப்பீடே, விளைச்சல் அன்று.

நாபோத்தின் வழக்கிலும் இரு சாட்சிகள் இருந்தனர், விசாரணை நடந்தது, சட்டத்தின் வடிவம் குறைவுபடவில்லை. ஆனால் பயனடைந்தவன் அரசன். தாவீதைக் கடிந்த நாத்தானோ உண்மையைச் சொல்லி, தனக்கென ஒன்றும் பெறவில்லை. ஊழலைக் கண்டிக்கும் குரல்களை நாம் சோதிக்கவேண்டிய உரைகல் இது. மௌனம் நமக்கு விடையாகாது.

நம்முள் சிலர் அப்பெரிய எண்ணைப் பிரசங்க பீடத்திலும் எடுத்துரைத்தோம். அது அனுமானம் என்று அன்று சொன்னோமா? தீர்ப்பு வந்த பின் அதே பீடத்தில் நின்று திருத்தினோமா? ஒன்பதாம் கட்டளை அரசியல்வாதிக்கும் பத்திரிகையாளர்க்கும் மட்டும் தரப்பட்டதன்று.