கொசஸ்தலை என்றொரு விடுதி இல்லை

சென்னை ஐ.ஐ.டி.யின் விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்கள். காவேரி, கிருஷ்ணா, கோதாவரி, நர்மதா, கங்கா, பிரம்மபுத்திரா என்று தேசத்தின் நீர்வரைபடமே அங்கே கட்டடங்களாக நிற்கிறது. பிறகு வந்த தாமிரபரணியும் உண்டு. மதிலுக்கு வடக்கே சற்றுத் தள்ளி ஓடும் அடையாறு இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துக் கொசஸ்தலையும் ஆரணியாறும் இல்லை. 'பேருல என்னய்யா இருக்கு?' என்று கேட்கலாம். எந்த நிலத்தை நினைக்க வேண்டும், எதை மறந்துவிடலாம் என்கிற ஏற்பாடு பெயரில்தான் தொடங்குகிறது.

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு, கிண்டிக் காட்டிலிருந்து பிரித்தெடுத்த ஏறத்தாழ 250 ஹெக்டேரில் எழுந்த நிறுவனம் இது. ஆலமரங்கள், புள்ளிமான், வெளிமான். மதில் இந்தக் காட்டைக் காப்பாற்றியது உண்மை; வேளச்சேரி ஏரி சுருங்கிப்போன கதை தெரிந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் பசுமையையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது. மான் தானாகத் திரிகிற இடத்தில் 'தகுதி'யும் தானாக முளைத்ததுபோலத் தோற்றம் கொள்கிறது. பரம்பரையாகக் கிடைத்த சாதி மூலதனம் எப்படித் தனிமனித மூளையின் சாதனையாக உருமாறுகிறது என்பதை இதே வளாகத்தை முன்வைத்து அஜந்தா சுப்ரமணியன் 2019இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஐ.ஐ.டி.களில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு வர 1973 ஆயிற்று; பிற்படுத்தப்பட்டோருக்கு 2008. இயற்கை போலத் தெரிந்த ஒன்றைச் சட்டம் போட்டுத்தான் கலைக்க வேண்டியிருந்தது.

இந்தச் சொல்லாடல் கூடுதலாக அழுத்துவது பி.டெக். மாணவரை அல்ல, அவர் நாலு வருஷத்தில் கிளம்பிவிடுவார். ஐந்து, ஆறு வருஷம் தங்கிவிடுகிற ஆய்வு மாணவரைத்தான். அவர் இளநிலை மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துகிறார், ராத்திரியில் இயந்திரத்துக்குக் காவல் இருக்கிறார், நெறியாளரின் திட்ட அறிக்கையை எழுதுகிறார். ஏட்டில் இதற்குப் பெயர் 'அரைநேர ஆய்வு உதவி'. அரைநேரம்னா மீதி அரை எங்கே போச்சு? வேலை வாங்கும்போது அவர் உழைப்பாளி. நேரத்தையும் ஊதியத்தையும் பற்றிப் பேசினால் மாணவர். 2023 ஜனவரி முதல் முதுநிலைப் பொறியியல் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாயிலேயே நிற்க, இளநிலை ஆய்வு உதவித்தொகை 37,000 ஆனது. உயர்ந்தது தொகை, 'உதவி' என்கிற சொல் அப்படியே இருக்கிறது. உதவி பெறுகிறவர் நன்றி சொல்லலாம், பேரம் பேச முடியாது.

இந்த இலக்கணம் மதிலுக்குள் மட்டும் புழங்குவதல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வந்தால், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆலைக்குள் நிற்கும் 'அப்ரண்டிஸ்' பையனையும் இதே சொல்தான் கட்டிப்போட்டிருக்கிறது. 1961ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு அவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. இருவரும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஒருவர் பட்டத்தோடு வெளியேறி வேறொரு வர்க்கத்துக்குள் நுழைவார். மற்றவர் பயிற்சி முடிந்ததும் அடுத்த கம்பெனி வாசலில் நிற்பார். ஆனால் 'நீ கற்றுக்கொண்டிருக்கிறாய்' என்ற ஒரே வாக்கியத்தால் இருவர் உழைப்பும் உழைப்பு அல்லாததாக்கப்படுகிறது. பையனுக்காவது ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும்.

மௌனம் என்ன விலை கேட்கும் என்பதை 2023 காட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு ஆய்வு மாணவர் உயிரை இழந்தார். ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரியும் எழுத்தாளருமான திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பிறகு நெறியாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இதைத் தனிமனித மனச்சோர்வு என்று ஆலோசனை மையத்துக்கு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்துபோகும். அந்த மையங்கள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் பட்டம், உதவித்தொகை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரே கையெழுத்தில் தொங்கும்போது, அவர் யாரிடம் போய் யாரைப் பற்றி முறையிடுவார்?

விடுதிக்குக் கொசஸ்தலை என்று பெயர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதிகாரம் அதைச் சிரித்துக்கொண்டே செய்துவிடும். மாற வேண்டிய பெயர் வேறு. ஆய்வு மாணவரைத் தொழிலாளி என்று அழைக்கிற அன்று வேலை நேரம், விடுப்பு, நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லாம் பேசியே ஆக வேண்டிய விஷயங்களாகிவிடும். அந்தப் பேச்சை மதிலுக்குள் தொடங்கினால் கும்மிடிப்பூண்டிப் பையனுக்கும் அது கேட்கும்.