செப்பனிடுவதும் சலவை செய்வதும்

எங்க சமயநல்லூர்த் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு பையோடு வந்தான். உள்ளே எழுதி முடித்த நாவல், முந்நூறு பக்கம். கூடவே நாலு பக்கக் குறிப்பு. பணம் கட்டி ஒரு எடிட்டரிடம் வாங்கியதாம். "இதப் படிச்சதுலருந்து நாவல எரிச்சுப்புடலாமான்னு இருக்குண்ணே" என்றான்.

இரண்டையும் படித்தேன். குறிப்பில் சொல்லியிருந்தவை இவை: பேச்சுமொழி அதிகம், பொது வாசகருக்குப் புரியாது. கோபத்தைக் குறைக்கலாம். சாதிப் பெயர்கள் அவசியமா? அதே தாளில் இவையும் இருந்தன: எண்பதாம் பக்கத்தில் செத்துப்போன கிழவி இருநூறாம் பக்கத்தில் களை எடுக்கிறாள். மாமா மேடையில் பேசுவது போலவே வீட்டிலும் பேசுகிறார். கதை சொல்பவனின் அம்மாவுக்குக் கடைசிவரை பெயர் இல்லை.

தம்பிக்கு ஆறு குறிப்பும் ஒரே அவமானமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. முதல் மூன்றும் சலவை. பின் மூன்றும் செப்பனிடுதல்.

யார் இந்தப் 'பொது வாசகர்'? அவருக்குப் புரிய வேண்டும் என்று நம்ம பேச்சை வெளுத்திருந்தால் 'கருக்கு' வந்திருக்காது. 1992இல் பாமாவின் அந்தத் தன்வரலாற்றை வெளியிட்டது பெரிய பதிப்பகம் அல்ல. நம்ம மதுரையில் இருந்த சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். இலக்கணம் மீறிய அந்த மொழியைக் கேலி செய்தவர்கள் உண்டு. இன்று தமிழ் உரைநடையைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அப்படியானால் எடிட்டரே வேண்டாமா? இங்கேதான் நம்மாளுகள் அவசரப்படுகிறோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் க்ரியா வெளியீடாக வந்தது. எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியை வரிவரியாகப் பார்ப்பது க்ரியா ராமகிருஷ்ணனின் வழக்கமாக இருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அந்தப் பதிப்பகம் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டிருந்தது. எழுத்துத் தமிழின் ஒழுங்கில் அத்தனை கவனம் உள்ள இடத்திலிருந்து வந்தும் ஆரோக்கியத்தின் பேச்சு ஆரோக்கியத்தின் பேச்சாகவே இருக்கிறது. நல்ல எடிட்டர் கதையில் வரும் ஆளின் வாயை மாற்றுவதில்லை. அந்த ஆள் அந்த இடத்தில் அதைச் சொல்வாளா என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

அந்த நாவலை வேறு ஒரு கத்திரியும் வெட்டியிருக்கும்: நம்ம கத்திரி. பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை அது. தலித்துகளுக்குள்ளே இருக்கும் மேல் கீழை அது காட்டியபோது, எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகக் குறை சொன்னவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். 'இயக்கத்துக்கு நல்லதில்லை' என்று நாம் அடித்திருந்தால் எஞ்சியிருக்கப்போவது என்ன? மேல்சாதி எடிட்டர் கோபத்தை வெட்டுகிறான்; நாம் வெட்கத்தை வெட்டுகிறோம்.

சிவகாமி செய்ததை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. அதில் வரும் காத்தமுத்து தலித் தலைவர். ஆணாதிக்கமும் சுயநலமும் உள்ளவர். சில ஆண்டுகள் கழித்து 'ஆசிரியர் குறிப்பு' எழுதி, தன் நாவலையே அவர் விசாரணைக்கு இழுத்தார். நான் எழுதியது நியாயமா, எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று கேட்டார். முதல் புத்தகத்தை அவர் மறைக்கவில்லை, திருத்தி வெளுக்கவும் இல்லை. 2006இல் அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது இரண்டும் ஒரே நூலாக வந்தன. ஒரு எழுத்தாளர் தன் பிரதிக்குத் தானே தந்துகொண்ட இத்தனை கடுமையான அபிப்பிராயம் தமிழில் அபூர்வம்.

நம் பத்திரிகைகள் இதில் என்ன செய்தன? 'நம்ம பிள்ளை எழுதிட்டான்' என்று தோளில் தட்டி அச்சுக்கு அனுப்பினோம். அனுபவம் உண்மை என்பதால் எழுத்தும் சரி என்று சொல்லிவிட்டோம். அதுவும் ஒருவகைத் தீண்டாமைதான். பிரதியைத் தொடாமலே ஒதுங்கிக்கொள்வது.

எழுதுகிற தோழர்களுக்குச் சொல்வது இது. பிரதியைக் கொடுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் கேளுங்கள். 'வாசகருக்குப் பிடிக்காது' என்பது காரணம் அல்ல. 'இந்தக் கிழவி செத்துவிட்டாள்' என்பது காரணம். மறுக்கும் உரிமையை விடாதீர்கள். முன்பணம் கேட்பவரிடம் பத்துப் பக்கம் மட்டும் கொடுத்து முதலில் பாருங்கள். அச்சுக்குப் போகும் முன் கதை நடக்கும் தெருவிலேயே ஒரு சாயங்காலம் வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி அப்படியே வாசித்தான். கிழவி விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது அவன் அம்மாதான். கேட்டு முடித்ததும், "எல்லாருக்கும் பேரு வச்சிருக்க, எனக்கு மட்டும் என்னடா?" என்று கேட்டாராம்.

நாவலை அவன் எரிக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்திலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறான்.