டை ராடு எண்டின் நயம்

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதி முனையில் அத்தனை பெரிய தேர் திரும்புவது, சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களின் கணக்கில்தான். மடவார் வளாகத்தில் ஒரு வீட்டு வாசலில் ஜாக்கி ஏறி நிற்கும் பழைய மாருதி 800-இல் அந்த வேலையைச் செய்வது, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும், உள்ளங்கைக்குள் அடங்கும் டை ராடு எண்டு.

1983 டிசம்பரில் முதல் வண்டி சாவி கைமாறியது. 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றது. கடைசியாகப் பிறந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. இரும்புக்கு அது ஒன்றுமில்லை, ரப்பருக்கு முதுமை. பள்ளத்தில் 'டக்' என்ற சத்தம், ஸ்டியரிங்கில் லேசான ஆட்டம், ஓரம் மட்டும் தேய்ந்த டயர் என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தபின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். எண்டின் தண்டு கூம்பாக இறங்கி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் துளைக்குள் கவ்விக்கொண்டிருக்கும். நட்டைத் தளர்த்தினாலும் விடாது. தண்டின் முனையில் அடித்தால் மரை நசுங்கும்; துளையைச் சுற்றியுள்ள இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் 'நச்' என்று ஒன்று போட்டால், துளை ஒரு கணம் நெளிந்து பிடியை விடும். நட்டை இரண்டு மரையில் விட்டுவைத்திருந்தால் கழன்றது காலில் விழாது.

அந்த நட்டின் தலையில் கோட்டைமதில் மாதிரி வெட்டுகள். வெட்டும் தண்டின் துளையும் நேர்ப்படும்போது காட்டர் பின்னைச் செருகி மடக்க வேண்டும். நேர்ப்படவில்லையென்றால் அடுத்த வெட்டு வரை இறுக்கலாம். பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. காசு பெறாத கம்பித்துண்டுதான், ஆனால் நட்டு கழன்று ஓடாமல் காப்பது அதுதான்.

பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணிக்கொள்வது இன்னொரு நேர்த்தி. புதியதையும் அதே சுற்றில் ஏற்றினால், சக்கரத்தின் முன்பக்கக் கோணம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். வீல் அலைன்மென்ட் கடை வரை வண்டி இழுக்காமல் போய்ச் சேரும். மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட நுட்பம், அதே சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில். நடுவில் இரும்புக் குழல், சுற்றிலும் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் குழல் அசையாது; ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுப்பதால்தான். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், கீழே இறக்கியவுடனேயே ரப்பர் முறுக்கேறி நிற்கும். ஓடாமல் நிற்கும்போதும் வலியோடுதான் நிற்கும், சீக்கிரம் கிழியும். ஆகவே கையளவுக்கு மட்டும் முடுக்கி, சக்கரத்தை மாட்டி, வண்டியின் பாரம் தரையில் உட்கார்ந்தபின் கடைசி இறுக்கு.

இரண்டு விதமாகச் செய்த வேலையும் அன்றைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் காட்ட மாதங்கள் ஆகும். வரிசையில் அடுத்த வண்டி காத்திருக்கும் பட்டறையில் இந்த ஒரு படியைத் தாண்டிப் போகத் தோன்றும். வீட்டு வாசலில் அந்த அவசரம் இல்லை. சொந்தக் கையால் செய்வதில் மிச்சமாகும் கூலியைவிட, இந்தப் பொறுமைக்குத்தான் மதிப்பு அதிகம்.