பாடலும் படச்சுருளும்: தென்னாபிரிக்க இனஒதுக்கல் பற்றிய ஒரு நோக்கு

கலையைச் சமுதாயத்தின் கண்ணாடி எனக் கூறுதல் பெருவழக்காகிவிட்டது. இவ்வுவமை ஓரளவுக்கே பொருந்தும். கண்ணாடி தன் முன் நிற்பவற்றைப் பாகுபாடின்றிக் காட்டும். கலையின் பொருளோ, அதனை யார் படைத்தனர், யாருக்காகப் படைத்தனர், யார் செவிமடுத்தனர் என்பவற்றுக்கேற்ப வேறுபடும். நிறத்தின் பெயரால் சட்டமே மக்களைக் கூறுபோட்ட ஒரு நாட்டில் இவ்வுண்மை மேலும் துலக்கமாகின்றது. தென்னாபிரிக்க இனஒதுக்கல் பற்றிய இரு திரைப்படங்களையும் அவற்றோடு தொடர்புடைய சில பாடல்களையும் கொண்டு இதனை நோக்குவோம்.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததைத் தொடர்ந்து, முன்னரே நிலவிய நிறப்பாகுபாடு முழுமையான அரச கொள்கையாயிற்று. 1950ஆம் ஆண்டின் குழுவாரிப் பிரதேசச் சட்டம் எவ்வினத்தவர் எங்கே வாழலாம் என வரையறுத்தது. 1860 முதல் நாத்தாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் முதலான இந்தியரின் வழித்தோன்றல்களும் இச்சட்டத்தால் வீடுவாசல் இழந்தனர். ஜொஹன்னஸ்பேர்க் நகரின் சோபியாரவுண், கறுப்பர் நிலவுரிமை பெற்று வாழக்கூடியதாயிருந்த மிகச் சில நகர்ப்பகுதிகளுள் ஒன்று. எழுத்தாளரும் ஜாஸ் இசைஞரும் அங்கே ஒரு புதிய நகரப் பண்பாட்டை உருவாக்கியிருந்தனர். 1955 பெப்ரவரியில் அம்மக்களை வெளியேற்றும் பணி தொடங்கியது. வீடுகள் இடிக்கப்பட்ட நிலத்தில் வெள்ளையருக்கென எழுந்த குடியிருப்புக்கு 'வெற்றி' எனப் பொருள்படும் 'ட்ரியோம்ஃப்' என்னும் பெயர் இடப்பட்டது.

இவ்வழிவின் நடுவே உருவானதுதான் அமெரிக்கரான லயனல் ரொகோசின் நெறிப்படுத்திய 'கம் பேக் ஆபிரிக்கா' (1959). இசை தொடர்பான பயணப் படம் எடுப்பதாக அதிகாரிகளிடம் கூறி, உண்மை நோக்கத்தை மறைத்தே அவர் இதனைப் படமாக்கினார். கதையமைப்பில் புளோக் மொடிசேன், லூயிஸ் நிகோசி ஆகிய கறுப்பின எழுத்தாளர்கள் பங்குகொண்டனர். பஞ்சத்தினால் சூலு நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி நகருக்கு வரும் சகரையா என்பவனே கதைத்தலைவன். சுரங்கம், வெள்ளையர் வீடு, உணவு விடுதி என அவன் இடம் மாறி அலைகிறான். ஒவ்வோரிடத்திலும் அவனது விதியைத் தீர்மானிப்பது அவன் கையிலுள்ள நடமாட்ட அனுமதிப் புத்தகமே. தொழில்முறை நடிகரல்லாதாரைக் கொண்டு எடுக்கப்பட்டமையால், சில உரையாடல்கள் தட்டுத்தடுமாறிச் செல்கின்றன. எனினும் அத்தடுமாற்றமே படத்துக்கு ஆவணத்தின் நம்பகத்தன்மையை அளிக்கின்றது எனலாம்.

இப்படத்தின் உச்சக்கட்டமாக நாம் கருதுவது 'ஷிபீன்' எனப்படும் அனுமதியற்ற மதுக்கூடக் காட்சியாகும். அங்கே எழுத்தாளர்கள் கூடித் தம் நிலைபற்றி விவாதிக்கின்றனர். கறுப்பனுக்காக இரங்கும் வெள்ளைத் தாராளவாதிகூட அவனை வளர்ந்த மனிதனாக ஏற்பதில்லை என்பதே அவர்களது விமரிசனத்தின் சாரம். அதன்பின் மிரியம் மக்கேபா வந்து பாடுகிறார். அதுவரை ஒதுக்கலின் புறத்தோற்றத்தையே, அதாவது இருப்பிடம், வேலை, சிறை என்பவற்றையே, கமெரா காட்டிவந்தது. பாடல் தொடங்கியதும் ஒதுக்கப்பட்டோர் இரக்கத்துக்குரியோர் என்ற நிலை நீங்கித் தமக்கெனச் சுவையும் எள்ளலும் மகிழ்ச்சியும் உடையோராய்த் தோன்றுகின்றனர். வெளியிலிருந்து வந்த கலைஞனின் கண் எட்டாத இடத்தை உள்ளிருந்து எழுந்த குரல் எட்டிவிடுகின்றது.

அக்குரலை அரசு அஞ்சியமைக்குச் சான்றுகள் உள. 1960இல் தாயார் இறந்தபோது நாடு திரும்ப முயன்ற மக்கேபாவின் கடவுச்சீட்டு செல்லாதாக்கப்பட்டிருந்தது. 1963இல் அவர் ஐக்கிய நாடுகள் சபையின் குழுவொன்றின் முன் சாட்சியமளித்தபின் அவரது இசைத்தட்டுகள் தடைசெய்யப்பட்டன, பிரசாவுரிமையும் பறிக்கப்பட்டது. 1990இலேயே அவரால் தாய்நாடு திரும்ப முடிந்தது.

ஆயினும் அரசு எல்லாப் பாடல்களையும் ஒருங்கே அஞ்சியதில்லை. சோபியாரவுண் மக்கள் குடியேற்றப்பட்ட இடத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'மெடோலான்ட்ஸ்' என்னும் பாடலை ஸ்ட்ரைக் விலகாசி 1956இல் இயற்றினார். துள்ளல் நிறைந்த மெட்டு அது. இடமாற்றத்தைப் போற்றும் பாடல் என அதிகாரிகள் அதனை வரவேற்றனர். வெளியேற்றப்பட்டோரோ அதே பாடலில் கசப்பையும் கிண்டலையும் கேட்டனர். ஒரே இசைத்தட்டு, இரு வேறு செவிகள். இனஒதுக்கல் தெருக்களை மட்டுமன்றிக் கேள்வியையும் பிரித்திருந்தது. ஆள்வோர் தம் ஆணையின் எதிரொலியைக் கேட்டு மகிழ, ஆளப்படுவோர் அவ்வாணைக்கான தம் மறுமொழியை அதே மெட்டில் மறைத்துவைத்தனர். பாடலின் சொற்களை மட்டும் பெயர்த்தெடுத்து ஆராய்வோர் இவ்விரண்டாம் பொருளைத் தவறவிடுவர் என்பது கருதத்தக்கது.

லீ ஹேர்ஷ் நெறிப்படுத்திய 'அமண்ட்லா' (2002) இதே இசைமரபை விடுதலைக்குப் பின்னர் திரும்பிப் பார்க்கும் ஆவணப்படம். 1964இல் பிரிட்டோரியாவில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கவாதியும் பாடலாசிரியருமான வுயிசிலே மினியின் எச்சங்கள், ஏழையரின் புதைகுழியிலிருந்து தோண்டியெடுக்கப்படுவதுடன் அது தொடங்குகின்றது. பாடியவனுடைய எலும்புகளைக் காட்டியபின்னரே பாடலைக் கேட்கச் செய்யும் இவ்வமைப்பு ஆழமானது. எனினும் படம் முழுவதையும் நோக்குமிடத்து, இசையே ஆட்சியை வீழ்த்தியது என்ற மயக்கம் ஏற்பட இடமுண்டு. வேலைநிறுத்தங்களும் மாணவர் எழுச்சியும் ஆயுதப் போராட்டமும் சர்வதேசத் தடைகளும் சேர்ந்தே 1994ஆம் ஆண்டின் தேர்தலுக்கு வழிசமைத்தன. பாடல் அப்போராட்டங்களில் ஈடுபட்டோரை ஒன்றிணைத்தது. அவற்றுக்கு ஈடாக அமைந்ததில்லை. இவ்வேறுபாட்டைப் படம் போதியளவு வற்புறுத்தவில்லை என்பதே எமது கருத்து.

வெற்றியோடு கதையை முடிப்பதிலுள்ள இடர்ப்பாட்டை சொலமன் லிண்டாவின் வாழ்வு உணர்த்துகின்றது. 1939இல் அவர் தம் குழுவினருடன் பதிவுசெய்த 'ம்புபே' பின்னர் அமெரிக்காவில் சொற்கள் மாற்றப்பட்டு 1961இல் உலகப் புகழ்பெற்றது. 1994இல் வெளியான 'லயன் கிங்' திரைப்படத்திலும் ஒலித்தது. பத்துச் சிலிங் அளவிலான தொகைக்கே லிண்டா தம் உரிமையை இழந்தார் என்பர். 1962இல் வறுமையில் அவர் இறந்தார். அவரது குடும்பத்தினர் வழக்காடி, 2006இலேயே ஓர் இணக்கத்தீர்வைப் பெற்றனர். குழுவாரிப் பிரதேசச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. அதன்பின்னரும் பாடலின் பயன் அதனைப் படைத்தோனின் மக்களை வந்தடையப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. சட்டம் மறைந்தபின்னும் உடைமையுறவுகளில் ஒதுக்கல் எச்சமாய் நிலைத்திருந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

அதே 2006இல் ட்ரியோம்ஃப் மீண்டும் சோபியாரவுண் எனப் பெயர் பெற்றது. இடிக்கப்பட்ட வீடுகளைப் பெயர்மாற்றம் மீட்டுத்தராது. அங்கே முன்பு வாழ்ந்தோர் எவ்வாறு சிரித்தனர், எவ்வாறு பாடினர் என்பது ரொகோசினின் படச்சுருளிலும் மக்கேபாவின் குரலிலும் எஞ்சியுள்ளது. அவற்றை அணுகும் நாம் துயரத்தின் ஆவணங்களாக மட்டும் அவற்றைக் கொள்வோமாயின், 'மெடோலான்ட்ஸ்' பாடலை மேலோட்டமாகக் கேட்டு மகிழ்ந்த அதிகாரிகளின் தவற்றையே வேறொரு வகையிற் செய்தவராவோம். யார் பாடினர், யார் கேட்டனர், யார் பயன்பெற்றனர் என்ற மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்பும் திறனாய்வே இக்கலைகளுக்கு நியாயம் செய்வதாகும்.