சாகாமல் பிழைத்த ரிக்ஸ்

முதற்கதை செம்மையாக முடிந்திருப்பின், அதற்கு இரண்டாம் கதை எழுதுவது அரிது. 1987இல் ஹாலிவுட்டில் வெளியான ‘லீதல் வெப்பன்’ செம்மையாக முடிந்த படம். மனைவியைக் கார் விபத்தில் இழந்து, சாவைத் தேடித் திரிகிறான் ரிக்ஸ் என்னும் காவலன். மனைவி மக்களோடு ஐம்பதாம் அகவையை எட்டியவன் மர்ட்டா. இவ்விருவரும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இணையராகப் பணிபுரிய நேர்கிறது. தன்னைச் சுட்டுக்கொள்வதற்கென வைத்திருந்த குண்டை, நண்பனிடம் சேர்க்கும்படி அவன் மகள் கையில் இறுதியில் கொடுக்கிறான் ரிக்ஸ். நண்பனோ அவனைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உள்ளே அழைத்துச் செல்கிறான். சாக விரும்பியவன் வாழ இசைந்துவிட்டான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

இலக்கியம் பயிற்றும் நமக்குச் சண்டைப்படத்தில் என்ன வேலை எனக் கேட்பாரும் உளர். கதையை நீட்டும் சிக்கல் காப்பியத்துக்கும் உண்டு, சினிமாவுக்கும் உண்டு என்பதே என் விடை.

முதற்படத்தை எழுதிய ஷேன் பிளாக், வாரன் மர்ஃபியுடன் சேர்ந்து இரண்டாவதற்கும் ஒரு வரைவு எழுதினார். அதன் முடிவில் ரிக்ஸ் இறந்துவிடுகிறான். சாக விரும்பியவன் செத்தால் அது வெறும் நிகழ்ச்சி. வாழக் கற்றுக்கொண்டவன் செத்தால்தான் அவலம். இதனை பிளாக் நன்கு உணர்ந்திருந்தார். ஆனால் இயக்குநர் ரிச்சர்ட் டானரும் உடனிருந்தோரும் அவ்வளவு இருளை விரும்பவில்லை. பிளாக் விலகினார். ஜெஃப்ரி போம் திரைக்கதையைப் புதிதாக எழுதினார். ரிக்ஸ் பிழைத்தான், நகைச்சுவை பெருகிற்று. 1989 ஜூலையில் படம் வெளியாயிற்று.

போம் செய்ததை வணிகம் என்று தள்ளிவிட இயலாது. நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலையும் பேதைமையையும் சேர்த்தார் தொல்காப்பியர். இப்படத்தில் இரண்டும் உள. ஓயாது பேசும் கணக்கன் லியோவாக ஜோ பெசி வருவது பேதைமை. எள்ளலோ அதனினும் கூரியது. வில்லர்கள் தென்னாப்பிரிக்கத் தூதரக அதிகாரிகள். சட்டம் அவர்களைத் தொடாது. அங்கே கறுப்பரான மர்ட்டா சென்று, தென்னாப்பிரிக்காவில் குடியேற விரும்புவதாகச் சொல்கிறான். அலுவலன் திணறுகிறான். அரங்கு சிரித்த அந்நாளில் நிறவெறி ஆட்சி அந்நாட்டில் நடந்துகொண்டிருந்தது. மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்தது 1990 பிப்ரவரியில். மர்ட்டாவாக நடித்த டேனி குளோவர், 1987இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் மண்டேலாவாகவே நடித்தவர்.

இருப்பினும் படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. கழிப்பறை இருக்கையின் கீழே குண்டு. எழுந்தால் வெடிக்கும் என்றறிந்து மர்ட்டா இரவெல்லாம் அமர்ந்தே இருக்கிறான். காலையில் வந்த ரிக்ஸ், பிறர் வெளியேறிய பின்னும் அவனருகே நிற்கிறான். பின்னர் இருவரும் ஒருங்கே குளியல் தொட்டிக்குள் பாய்கின்றனர். சிரிக்கக்கூடிய இடத்தில் அச்சம், அஞ்சக்கூடிய இடத்தில் நட்பு. சாவைத் தேடியவன் இங்கே பிறன் சாவைத் தன் உடலால் பகிர்ந்துகொள்கிறான். முதற்படத்தின் உண்மையான தொடர்ச்சி இதுவே என்பேன்.

குறை எங்கே? ரிக்ஸின் மனைவி விபத்தில் மாளவில்லை, ரிக்ஸைக் கொல்ல வந்தவனால் கொல்லப்பட்டாள் என்று இரண்டாம் படம் புதிதாகச் சொல்கிறது. எவர்மேலும் பழிபோட முடியாத இழப்பு என்பதாலன்றோ முதற்படத்தில் அவன் துயரம் அத்துணை ஆழமாயிருந்தது! இப்போது பழிவாங்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான். துயரம் வெகுளியாகி, வெகுளி துப்பாக்கிச் சூடாகி முடிந்துவிட்டது. நாயகனைப் பிழைக்க வைத்ததை மன்னிக்கலாம். முன்கதையைத் திருத்தியதை மன்னிப்பது கடினம்.

பிளாக் எழுதிய சாவின் நிழல் இறுதிக்காட்சியில் மட்டும் எஞ்சியிருக்கிறது. குண்டடிபட்டு மர்ட்டாவின் மடியில் கிடக்கும் ரிக்ஸ், தன் பையிலுள்ள சிகரெட்டை எறிந்துவிடச் சொல்கிறான். அது ஆளைக் கொல்லுமாம். இருவரும் சிரிக்கிறார்கள். அவன் பிழைப்பானா என்பதை அச்சிரிப்பு தெளிவாகச் சொல்லவில்லை. 1992இல் வந்த மூன்றாம் படம்தான் சொல்லிற்று. 1998இல் வந்த நான்காவதில் அவன் தந்தையாகவும் ஆகிவிட்டான்.